தாலி கட்டினவன் வீட்டுப் பிள்ளை

எங்கள் மலையில் ஊர்க்கூட்டம் என்றால் ஆண்கள் உட்காருவார்கள், பெண்கள் நிற்பார்கள். கோயிலுக்கு முன்னால் உள்ள திடலில் பாறைகள் கிடக்கும். எந்தப் பாறையில் யார் உட்காருவது என்பது அவரவர் பிறக்கும்போதே முடிவாகிவிட்ட விஷயம். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டருக்கு ஒன்று. அவருக்கும் மேலே, பல ஊர்கள் சேர்ந்த ஒரு நாடு முழுவதற்கும் பெரியவரான நாட்டுக் கவுண்டர் வந்தால் அவருக்கு ஒன்று. நாங்கள் பின்னால் பலா மரத்தடியில் நிற்போம். வழக்கு ஒரு பெண்ணைப் பற்றியதாகவே இருந்தாலும் அவள் வாய் திறக்கக் கூடாது. அவளுக்காக அண்ணனோ தாய்மாமனோ பேசுவார். சின்ன வயதில் இது எனக்குத் தப்பாகத் தோன்றியதே இல்லை. மழை மேலிருந்து பெய்கிறது, பெண்கள் பின்னால் நிற்கிறார்கள், அவ்வளவுதான் என்று இருந்தேன்.

நான் பிறந்தது குண்டனி நாட்டில். கட்டிக் கொடுத்தது தேவனூர் நாட்டில். எனக்குத் தாலி கட்டினவர் கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, குடித்துவிட்டு வந்து கூச்சல் போட்டதில்லை. என்னோடு பேசியதும் இல்லை. விடிந்தால் காட்டுக்குப் போவார், இருட்டினால் வந்து களியைத் தின்றுவிட்டுப் படுப்பார். நான் ஏதாவது கேட்டால் அவருடைய அம்மா பதில் சொல்வாள். அந்த வீட்டில் ஏர் பூட்டும் மாட்டுக்காவது பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்தது. அப்படியே சில வருஷம் போயிற்று.

சாமை அறுப்புக் காலத்தில் ஒருவர் காட்டுக்கு மற்றவர் வந்து அறுத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஒரு அறுப்புக்கு என் பிறந்த ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். கதிரைக் கட்டாகக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "ஏம்புள்ள, இந்த ஊட்டுல வாயத் தொறந்தா வரி போடறாங்களா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அந்த வீட்டுக்கு வந்து சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அறுப்பு முடிந்து கொஞ்ச நாளில், பட்டப்பகலில், என் சேலை துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு அவரோடு போனேன். இந்தக் கதையில் என் வீட்டுக்காரர் என்று நான் சொல்வது அவரைத்தான். மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுக்காரர்கள் இதைப் படித்தால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். எங்கள் மலையில் ஒருத்தி விலகிப் போவது ஒளித்துச் செய்கிற காரியம் இல்லை. கூட்டம் கூடும், முதல் வீட்டுக்காரர் கொடுத்த பரிசத்தைப் புதியவர் திருப்பிக் கொடுப்பார், ஊர்க்கவுண்டர் வெற்றிலை போட்டுக்கொள்வார், அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். எங்களுக்கும் அப்படியேதான் நடந்தது. தாலி கட்டினவர் அந்தக் கூட்டத்திலும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் இன்னொரு வழக்கமும் உண்டு. எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பெண் விலகிப் போகலாம், தாலி விலகாது. அவளுக்குப் பிறகு யாரிடம் பிள்ளை பிறந்தாலும் அது தாலி கட்டினவன் வீட்டுப் பிள்ளை. அவன் கேட்காவிட்டால் பிழைத்தோம். கேட்டால் கொடுத்தாக வேண்டும். வெள்ளாமையைப் போலத்தான், விதைத்தது யாரென்று பார்ப்பதில்லை, காடு யாருடையது என்றுதான் பார்ப்பார்கள். எனக்கு மகள் பிறந்தபோது, அவர் கேட்க மாட்டார் என்று உறுதியாக நம்பினேன். எதையுமே கேட்காத மனுஷர்தானே.

கேட்டார். அதற்குள் அவர் இன்னொருத்தியைக் கட்டியிருந்தார், அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. என் மகள் ஓடியாடி, தினைக்காட்டில் கிளி விரட்டுகிற அளவுக்கு ஆனதும் அவருடைய வீட்டார் கூட்டத்தைக் கூட்டிவிட்டார்கள். பெண் பிள்ளை என்றால் இப்போது கைக்கு உதவி, பின்னால் பரிசம். அவர்கள் கணக்கில் தப்பே இல்லை.

எனக்காகத் தாய்மாமன் எழுந்தார். "சின்னப் புள்ளைங்க. இன்னம் கொஞ்ச நாளு பெத்தவகிட்ட இருக்கட்டுமுங்க" என்றார். சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்துகொண்டார். அவருக்கும் அந்தத் திடலில் ஒரு பாறை இருந்தது, அதை இழக்க அவருக்கு மனமில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. பலா மரத்தடியிலிருந்தே கத்தினேன்.

"நாங் குடுக்க மாட்டேன்! பெத்தவ நானு! என்னைய ஒரு வார்த்த கேளுங்க!"

ஊர்க்கவுண்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு அது மரியாதையாக இருந்திருக்கும். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "என்னப்பா, பின்னால என்னமோ சத்தங் கேக்குது?" என்றார். ஆண்கள் சிரித்தார்கள். என்னைச் சுற்றி நின்ற பெண்களும் சிரித்தார்கள், அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. என் தோளைப் பிடித்து அமுக்கி, "வாய மூடு புள்ள, மானத்த வாங்காத" என்றது என் சின்னம்மா. அவளுடைய மூத்த பிள்ளையும் இதே திடலில்தான் கைமாறிப் போனது. என்னை அடக்குவதற்கு ஆண்கள் யாரும் பாறையை விட்டு எழுந்திருக்க வேண்டியிருக்கவில்லை.

அறுப்பு முடிந்ததும் பிள்ளையை ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

பேளுக்குறிச்சிச் சந்தைக்கு நாங்கள் வாழைத்தாரும் மிளகும் தலைச்சுமையாக இறக்கிக்கொண்டு போவோம். அங்கே எங்களிடம் வழக்கமாக வாங்குகிற அடிவாரத்துக் கவுண்டர் ஒருவர் இருந்தார். சொந்த நிலம், கிணறு, நாலு பேர் கேட்கிற பேச்சு. எடையில் ஏமாற்றாதவர், அதனால் எங்களுக்கு அவர்மேல் நம்பிக்கை. நான் அழுத முகத்தோடு நின்றதைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன். அவருக்கு ரத்தம் கொதித்தது.

"என்னம்மா அநியாயமா இருக்குது! வெள்ளக்காரன் சட்டம் உங்க ஊர்க்கவுண்டனுக்கெல்லாம் மேல. கச்சேரிக்குப் போயி உள்ளத உள்ளபடி சொல்லுங்க. பெத்தவங்களுக்குத்தான் புள்ளன்னு தீர்ப்பாயிரும்" என்றார்.

அவர் சொன்னது நல்ல மனசோடுதான். அரைகுறையாகத் தெரிந்ததை முழுதாகத் தெரிந்ததுபோல் சொல்வது கீழ்நாட்டு ஆண்களுக்கு ஒரு பழக்கம், அதில் கெட்ட எண்ணம் இருக்காது. என் வீட்டுக்காரர்தான் தயங்கினார். "கூட்டத்துல முடிஞ்சதக் கீழ கொண்டுபோனா நம்மளத் தள்ளி வெச்சுருவாங்க புள்ள" என்றார். தள்ளி வைக்கட்டும் என்றேன். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று பேருமாகக் கீழே இறங்கினோம்.

கோர்ட்டுக் கச்சேரி என்றால் எங்கள் ஆட்கள் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். மலையிலிருந்து அங்கே போனவர்களெல்லாம் ஏருக்கு மரம் வெட்டியதற்காகவோ, காட்டைக் கொளுத்தி விதைத்ததற்காகவோ, சாராயம் காய்ச்சியதற்காகவோ பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள். முப்பாட்டன் காலத்திலிருந்து செய்துவந்த வேலைகள்தான். எங்கோ ஒருவர் உட்கார்ந்து எழுதினார், மறுநாள் அவை குற்றமாகிவிட்டன. மரமும் அதேதான், கோடாலியும் அதேதான். எதை எப்போது குற்றமாக்கப் போகிறார்கள் என்பது மலையில் இருப்பவர்களுக்கு யாரும் வந்து சொல்வதில்லை. ஆனால் நாங்கள் பிடிபட்டுப் போகவில்லை, நியாயம் கேட்டுப் போகிறோம் என்ற தைரியம் எனக்கு இருந்தது.

அங்கேயும் ஒருவர் உயரத்தில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் நின்றோம். ஆனால் அங்கே என்னைப் பேசச் சொன்னார்கள்! வாழ்நாளில் முதல் தடவையாக ஆண்கள் நிறைந்த ஓர் இடத்தில் என்னைப் பார்த்து ஒருவர் கேள்வி கேட்டார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. குமாஸ்தா கேட்கக் கேட்க, ஒன்றையும் மறைக்காமல், தலை நிமிர்ந்து சொன்னேன்.

"இவன் உனக்கு யாரு?"

"எங்கூட இருக்கறவருங்க."

"தாலி கட்டினவனா?"

"இல்லீங்க. தாலி கட்டினவரு தேவனூர் நாட்டுல இருக்காருங்க. நா உட்டுப்போட்டு வந்துட்டேனுங்க."

"செத்துட்டானா?"

"ஏனுங்க, நல்லா இருக்காருங்க. புள்ள இவருதுங்க. ஊரு முச்சூடும் தெரியுமுங்க."

யாரோ கனைத்தார்கள். யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குமாஸ்தா என் வீட்டுக்காரரிடம் திரும்பி, "அடுத்தவன் பொண்டாட்டின்னு தெரிஞ்சுதான் வச்சிருந்தியா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. "தெரியாம என்னங்க? அவங்க காட்டுல அறுப்பறுத்தவனே நாந்தானுங்க" என்றார். கீழ்நாட்டில் ஒரு பெண்ணோ ஆணோ இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். உண்மையைச் சொன்னால் போதும் என்று நினைத்து இப்படி வரிசையாக ஒப்பித்தது நாங்களாகத்தான் இருக்கும்.

அடுத்து தாலி கட்டினவரை வரவழைத்தார்கள். அவர் சந்தையைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. சேவகன் இழுத்துவந்து நிறுத்தியதும் தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். உன் பெண்சாதியை இவன் கூட்டிக்கொண்டு போனானா என்றார்கள். ஆமாங்க என்றார். உன் சம்மதத்தோடா என்றார்கள். "என்னைய ஆரும் கேக்கலீங்க" என்றார். அதுவும் உண்மைதான், மலையில் அவரைக் கேட்கும் வழக்கம் இல்லை. இவன்மேல் புகார் செய்கிறாயா என்றார்கள். "அப்பிடிச் செஞ்சா புள்ள வந்துருமுங்களா?" என்று கேட்டார். வரும் என்றார்கள். சரி என்றார்.

அன்றைக்குத்தான் இரண்டு சங்கதிகள் எங்களுக்குத் தெரிந்தன. தாலி கட்டினவன் உயிரோடு இருக்க அவன் பெண்சாதிக்குப் பிறக்கிற பிள்ளை அவனுடையதுதான் என்று வெள்ளைக்காரன் சட்டமும் சொல்கிறது. அடுத்தவன் பெண்சாதியோடு இருப்பவன், அவள் புருஷன் புகார் செய்தால், ஜெயிலுக்குப் போக வேண்டும். மேலே எங்கள் நாடும் கீழே அவர்கள் ராஜ்ஜியமும் மரத்தில், மண்ணில், சாராயத்தில் எதிலும் ஒத்துப்போனதில்லை. என் மகள் விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒரே வாயால் பேசின.

வாய்தா போட்டு, என் வீட்டுக்காரரை உள்ளே வைத்தார்கள். அடிவாரத்துக் கவுண்டர் என் முகத்தைப் பார்க்க முடியாமல் தன் மாட்டுக்கொட்டகையில் எனக்கும் மகளுக்கும் இடம் கொடுத்தார். பிறகு எங்கோ விசாரித்து வந்து, புகார் செய்தவரே வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்றார். நான் மகளோடு மலை ஏறி, தேவனூர் நாட்டுக்குப் போய், தாலி கட்டினவரைக் காட்டில் பார்த்தேன். அவரே முதலில் பேசினார்.

"அவன எதுக்குப் புள்ள புடிச்சு வெச்சாங்க? நா புள்ளயத்தான கேட்டேன்."

"வேண்டாமுன்னு நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா உட்டுருவாங்களாமுங்க. புள்ளய நீங்களே வெச்சுக்குங்க. அவர உடச் சொல்லுங்க" என்றேன். அந்த இடத்தில் நானே என் மகளை விட்டுக்கொடுத்தேன். வேறு எதைக் கொடுக்க என்னிடம் இருந்தது?

"செரி, வாரேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, வரத்தான் நினைத்தார்.

அதற்குள் மேலே கூட்டம் கூடிவிட்டது. நாட்டின் தீர்ப்பைக் கச்சேரிக்குக் கொண்டுபோனதற்காக என்னையும் என் வீட்டுக்காரரையும் ஊரை விட்டுத் தள்ளி வைத்தார்கள். எங்களோடு பேசுகிறவர்கள், எங்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறவர்கள், எங்களுக்காகக் கீழே இறங்குகிறவர்கள் எல்லாருக்கும் அதே கதி. அவர்கள் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், செத்தால் தூக்க வர மாட்டார்கள். மலைக்காரன் ஒருவன் ஜெயிலில் கிடப்பதைப் பற்றி அந்தத் திடலில் யாருக்கும் கவலை இல்லை. நாட்டின் பேச்சுக்கு மேலே இன்னொரு பேச்சு இருக்கிறது என்று காட்டிவிட்டோமே, அதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

தீர்ப்பு நாளன்று கச்சேரி வாசலில் மலைப் பாதை வருகிற பக்கமாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். தாலி கட்டினவர் வரவில்லை. நான் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் திட்டவும் தெம்பில்லாமல் போயிற்று. ஊர்க்கூட்டத்தில் அவரை உட்கார வைத்த பாறைதான் அவரைப் பிடித்து வைத்திருந்தது.

என் வீட்டுக்காரருக்கு ஜெயில் என்று படித்தார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "எனக்கு என்னங்க தண்டனை?" என்று நான் கேட்டேன். குமாஸ்தா, "உம்மேல குத்தம் எதுவும் இல்லம்மா. பொம்பளைங்களுக்கு இதுல தண்டனை கிடையாது. நீ போகலாம்" என்றார். ஆட்டைத் திருடினால் திருடினவனுக்குத்தான் ஜெயில், ஆட்டுக்கு இல்லை. நானாகத்தான் மூட்டை கட்டினேன், நானாகத்தான் நடந்து போனேன் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர்கள் காதில் அது ஏறவில்லை. மேலே பேச விடாமல் என்னை ஒன்றுமில்லாதவளாக்கினார்கள். கீழே பேசவிட்டு அதையே செய்தார்கள்.

மகளை வாங்கிக்கொள்ளத் தாலி கட்டினவருடைய அம்மாவும் அந்த இரண்டாவது பெண்சாதியும் சந்தைக்கு வந்தார்கள். அந்தப் பெண்ணை வெறுக்க எனக்கு ஆசைதான். அவள் பொட்டுக்கடலையும் வெல்லமும் வாங்கி மடியில் வைத்திருந்தாள், பிள்ளையின் காலில் முள் இருக்கிறதா என்று பார்த்தாள். பிள்ளை இல்லாதவள் என்று அந்த வீட்டில் அவள் பட்ட பாடு அவள் முகத்தில் தெரிந்தது. என் மகள் அவள் இடுப்பிலிருந்து, "நீ எப்பம்மா வருவே?" என்றாள். "நாளைக்கு வாரேன் கண்ணு" என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான், அதை அவள் நம்பினாள். தள்ளி வைத்தவளோடு பேசக் கூடாது என்று மாமியார்க்காரி எனக்குப் பின்னால் இருந்த வாழைத்தாரைப் பார்த்தபடியே நின்றாள்.

என் வீட்டுக்காரர் ஜெயிலிலிருந்து வந்தபோது வாய் பேச மறந்தவர்போல் இருந்தார். நான் விட்டு வந்த வீட்டுக்கே மறுபடியும் வந்து சேர்ந்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது. மலைக்குப் போக முடியாது, கீழே அவருக்கு வேலை தெரியாது. தோட்ட வேலைக்கு ஆள் பிடிக்க வந்தவர்களோடு தெற்கே போனார். சேதி ஒன்றும் வரவில்லை. விசாரிக்க எனக்கும் ஆள் இல்லை.

நான் அடிவாரத்துக் கவுண்டர் வீட்டில் வேலைக்கு நின்றேன். அந்த வீட்டில் பெண்கள் நிறைய நகை போட்டிருந்தார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள். ஆனால் ஆண்கள் பேசும்போது அவர்களும் கதவுக்குப் பின்னால்தான் நின்றார்கள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த அந்த வீட்டு மகளை, வயசுக்கு வந்துவிட்டாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். எனக்கு நியாயம் சொன்ன அதே கவுண்டர்தான் நிறுத்தினார். அவள் அழுதாள், அப்புறம் பொழுது போகாமல் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். இதை நான் எழுதுவது அந்த எழுத்தில்தான். மலையில் இருந்தால் மட்டும்தான் இப்படி என்று அதுவரை நினைத்திருந்தேன், அந்த நினைப்பும் போயிற்று.

உலகச் சண்டைக் காலம் வந்தது. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, அரிசி கிடைக்கவில்லை, கீழ்நாட்டுக்காரர்கள் எங்கள் சாமைக்கும் தினைக்கும் சந்தையில் முண்டினார்கள். ஒரு சந்தை நாளில் தினை வாங்கப் போனபோது என் மகளைப் பார்த்தேன். யாரும் காட்டித் தரவில்லை. என் முகமே கூடையோடு உட்கார்ந்திருந்தது. அவளுக்குக் கல்யாணமாகி, மடியில் ஒரு கைக்குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி மலையிலிருந்து வந்த ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் முன்னால் போய்க் குந்தினேன். தினையை அள்ளிப் பார்ப்பதுபோல், "கண்ணு, நா ஆருன்னு தெரியுதா?" என்று மெல்லக் கேட்டேன்.

அவள் நிமிரவில்லை. படியில் தினையை அளந்து என் முந்தானையில் கொட்டினாள். குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, அந்த ஆண்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"தெரியுமுங்க" என்றாள். "எந்திரிச்சுப் போயிருங்க. உங்ககிட்டப் பேசினா எம்பட புள்ளயப் புடுங்கிக்குவாங்க."

நான் எழுந்து போய்விட்டேன்.